ஆறாவது, ஏழாவது, எட்டாவது: ஃப்ளெக்ஸில் வராத மூன்று வருஷம்

ஏப்ரல் பிறந்தால் எனக்கு ஒரே கேள்விதான் வரும். "மிஸ், பையன் அஞ்சாவது முடிக்கிறான். ஆறாவதுக்கு இங்கயே விட்டுடலாமா, கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்திடலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் ஒரு காலத்தில் படித்த பிள்ளைகளின் அக்காவாகவோ அத்தையாகவோ இருப்பார்கள். திருத்தணியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுத்தவள் நான். இப்போது பள்ளிக்குப் போவதில்லை. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்து படிக்கிறார்கள். அதனால் கேள்வியும் வீடு தேடி வந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்வதைவிட, மொத்தமாக எழுதிவிட்டால் லிங்க்கை அனுப்பிவிடலாமே என்று இந்தப் பதிவு. நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊருக்குள் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு மலைக்கோயிலுக்கு முன்னால் கண்ணில் படுவது பள்ளிக்கூட ஃப்ளெக்ஸ்கள்தான். பத்தாவதில் இத்தனை மார்க், பன்னிரண்டாவதில் இத்தனை சென்டம், நீட்டில் இத்தனை பேர் என்று முகம் முகமாகப் போட்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் எல்கேஜி அட்மிஷனுக்குப் பலூனும் கார்ட்டூனும். இரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் எந்த ஃப்ளெக்ஸிலும் இல்லை. பொதுத்தேர்வு இல்லை, ரேங்க் இல்லை, பேப்பரில் பெயர் வராது. பள்ளிக்கும் பெற்றோருக்கும் ஆறு, ஏழு, எட்டு என்பது எப்படியோ கடந்துபோகும் வருஷங்கள். அந்த வருஷங்களில் பிள்ளைகளோடு இருந்தவள் என்பதால்தான் இதை எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆறாவது ஏன் திடீரென்று முக்கியமாகிவிட்டது?

முன்பெல்லாம் ஒரு பிள்ளை எல்கேஜியில் சேர்ந்தால் பத்தாவது வரை அங்கேயே இருக்கும். ஃபீஸ் கட்ட முடியாமல் போனால்தான் மாற்றுவார்கள். கடந்த சில வருஷங்களில் கணக்கு மாறிவிட்டது. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த வருஷமே பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது நீண்டது. 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். 2024இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. எல்லாவற்றிலும் கணக்கு தொடங்குவது ஆறாவதில்.

ஆக, ஐந்தாவது முடிக்கிற பத்து வயசுப் பிள்ளையின் எதிர்காலத்தை அம்மா அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பரில் கூட்டிக் கழிக்கிறார்கள். ஒரு பக்கம் வேன், டை, ஷூ, இங்கிலீஷ் மீடியம். மறு பக்கம் 7.5 சதவீதம், 1,000 ரூபாய், மதியச் சாப்பாடு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எல்கேஜி சேர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு. அவர்களின் ஃபீஸை எட்டாவது வரைதான் அரசு கட்டும். ஒன்பதாவதில் அந்தக் குடும்பம் சொந்தக் காசைப் போட வேண்டும், இல்லையென்றால் பள்ளி மாற வேண்டும். அப்படி எட்டாவது முடித்து அரசுப் பள்ளிக்கு மாறி பன்னிரண்டாவது வரை படித்தாலும் 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு என்பதைப் பலர் தெரிந்துவைத்திருப்பதில்லை. நெசவுக் குடும்பங்களிலிருந்து வருகிற பெற்றோரிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

கணக்கு போடுவதில் தப்பே இல்லை. எனக்குக் குறையாகப் படுவது ஒன்றுதான். எல்லாக் கணக்கும் பதினேழு வயதில் என்ன கிடைக்கும் என்பதைப் பற்றியது. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று வயதில் அந்தப் பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

என்ன நடக்கிறது என்றால்

ஐந்தாவது வரை ஒரு பிள்ளைக்குப் பள்ளி என்பது பெரும்பாலும் ஒரு மிஸ். டைரியில் கையெழுத்துப் போடுவது, டிபன் பாக்ஸைத் திறந்து கொடுப்பது, காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் அவர்தான். எந்தப் பிள்ளை யாரோடு சண்டை, எந்த வீட்டில் அப்பா வெளியூரில், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆறாவதில் அந்த மிஸ் கீழ்க்கட்டடத்திலேயே தங்கிவிடுவார். பிள்ளை மாடிக்கு வரும். பீரியடுக்கு ஒருவராக ஏழெட்டுப் பேர் வந்து போவார்கள். நாற்பது நிமிஷத்தில் பெல் அடித்துவிடும். கணக்கு சாருக்கு அவன் கணக்கில் முப்பத்தைந்து வாங்குகிறவன். இந்தி மிஸ்ஸுக்கு நோட்டு கொண்டுவராதவன். எனக்கு லகர ளகரம் குழப்புகிறவன். ஏழு பேரும் ஸ்டாஃப் ரூமில் ஒரே மேஜையில் டீ குடித்தாலும் அந்த ஏழு துண்டுகளையும் சேர்த்து ஒரு பையனாகப் பார்க்கிறவர் யாரும் இல்லாமல் போய்விடுவார்.

அதே வருஷம் பென்சில் போய் பேனா வரும். பையன்களுக்கு அரை டிரவுசர் போய் முழு பேன்ட் வரும். பெண் பிள்ளைகளுக்கு ஸ்கர்ட்டுக்குப் பதிலாகச் சுடிதாரும் மேலே ஒரு ஓவர்கோட்டும். சித்திரையில் தமிழ்நாட்டின் வெயில் பட்டியலில் வேலூரோடு போட்டி போடுகிற ஊர் எங்களுடையது. அந்த ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு இலக்கணம் கேட்கிற பிள்ளையிடம் கவனம் இல்லை என்று கோபப்படுவதில் அர்த்தமே கிடையாது.

வகுப்பறையை எட்டிப் பார்த்தால் எங்கள் வட்டாரத்தின் வரைபடமே உட்கார்ந்திருக்கும். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்திலிருந்து தறி வீட்டுப் பிள்ளைகள், அரக்கோணத்திலிருந்து ரயில்வேக்காரர் பிள்ளைகள், மலையடிவாரத்தில் பூக்கடை, பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள், திருவாலங்காடு பக்கம் கரும்பு போடுகிறவர்களின் பிள்ளைகள். பொன்பாடி தாண்டினால் ஆந்திரா. நகரியிலிருந்து தினமும் மாநில எல்லை கடந்து வருகிற பிள்ளைகளும் உண்டு. தறி வீட்டுப் பிள்ளைக்கு ராத்திரி முழுக்கச் சத்தத்தில் தூங்கிப் பழக்கம். அமைதியான வகுப்பில்தான் அவனுக்கு நிலைகொள்ளாமல் போகும். இதெல்லாம் விசாரித்தால்தான் தெரியும். விசாரிக்க நாற்பது நிமிஷம் போதாது.

தமிழ் பீரியடில் மட்டும் வாய் திறக்கும்

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லை பற்றிய பட்டாஸ்கர் பரிந்துரை எல்லாம் இங்கே மேடைகளில் வருஷா வருஷம் பேசப்படுகிறவை. கோடு மாறியதே தவிர வீட்டுப் பேச்சு மாறவில்லை. என் வகுப்பில் ஒரு பெஞ்சுக்கு ஒரு பிள்ளையாவது வீட்டில் தெலுங்கு பேசும். பாட்டி "இக்கட ரா" என்று கூப்பிட, அம்மா தமிழில் திட்ட, டைரியில் இங்கிலீஷில் "நாட் கம்ப்ளீட்டட்" என்று எழுதியிருக்கும்.

2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமாகிக்கொண்டே போய், 2015-16இல் பத்தாவதைத் தொட்டது. ஆறாவதுக்கு அது வந்து சேர்ந்தது 2011-12இல். அதற்கு ஒரு வருஷம் முன்பே சமச்சீர் கல்வி ஆறாம் வகுப்புக்கு வந்திருந்தது. மெட்ரிக் பள்ளிக்கென்று தனிப் பாடப்புத்தகம் என்ற காலம் அதோடு முடிந்தது. அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் அரசுப் பள்ளியிலும் மெட்ரிக்கிலும் ஆறாவது தமிழ்ப் புத்தகம் ஒன்றுதான். நீங்கள் ஃபீஸ் கட்டுவது புத்தகத்துக்காக என்று நினைத்தால் அந்தக் காசு வீண்.

பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி தெலுங்கு, பாட மொழி இங்கிலீஷ், கட்டாய மொழி தமிழ். இதற்கு மேல் வளாகத்துக்குள் தமிழில் பேசினால் ஃபைன் போடுகிற வழக்கம் பல தனியார் பள்ளிகளில் இருந்தது, சிலவற்றில் இன்னும் இருக்கிறது. கிளாஸ் லீடர் ஒரு சின்ன நோட்டில் பெயர் எழுதுவான். ஐந்தாவது வரை பிள்ளைகள் அதற்குப் பயந்து உடைந்த இங்கிலீஷில் ஏதாவது பேசிவிடுவார்கள். ஆறாவது, ஏழாவதில் அப்படி இல்லை. அந்த வயதில் தப்பாகப் பேசிச் சிரிப்பு வாங்குவது ஃபைனைவிடப் பெரிய தண்டனை. அதனால் பேசாமலேயே இருந்துவிடுவார்கள். கலகலவென்று இருந்த பிள்ளை ஆறாவதில் ஊமையாகிவிட்டது என்று ஒரு அம்மா சொன்னால் நான் முதலில் கேட்பது, "ஸ்கூல்ல தமிழ்ல பேசினா என்ன பண்றாங்க?" என்பதுதான்.

இதனால் எனக்கு ஒரு லாபம் இருந்தது. சட்டப்படி தமிழில் பேசலாம் என்றிருந்த ஒரே நாற்பது நிமிஷம் என்னுடையது. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த பேச்செல்லாம் என் பீரியடில் கொட்டும். பாதி பாடம், பாதி ஊர்க்கதை. அங்கேதான் பிள்ளைகளை எனக்குத் தெரிந்தது. நகரிப் பக்கத்துப் பையன் ஒருவன், பாட்டியிடம் தெலுங்கு எழுத்துக் கற்றவன், ஏழாவதில் எழுந்து நின்று கேட்டான். "மிஸ், தெலுங்குல க வரிசையில நாலு எழுத்து இருக்கு. தமிழ்ல ஏன் ஒண்ணே ஒண்ணு? அப்போ கங்கைன்னு எப்படி வித்தியாசமாப் படிக்கிறோம்?" அன்றைய பாடம் அப்படியே நின்றது. சொல்லுக்கு முதலில் வந்தால் ஒரு ஒலி, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் ஒரு ஒலி, இரட்டித்தால் ஒரு ஒலி என்று கரும்பலகை முழுக்க எழுதிப் பார்த்தோம். தெலுங்கு தெரிந்த பிள்ளைகள் எல்லாம் அன்றைக்கு வகுப்பில் பெரிய மனிதர்கள் ஆனார்கள். அதுவரை அது மறைக்க வேண்டிய விஷயமாக இருந்தது. இப்படி ஒரு கேள்வி ஐந்தாவது பையனுக்கு வராது. பத்தாவது பையனுக்கு வந்தாலும் கேட்க மாட்டான், "எக்ஸாமுக்கு வராது" என்று அவனே அடக்கிவிடுவான். ஆறு முதல் எட்டு வரைதான் பிள்ளைகள் அடிவரை தோண்டிக் கேட்பார்கள்.

உடம்பும் வளரும்

இதைப் பள்ளிக்கூடங்கள் பேசாது, ஆனால் மிஸ்களுக்குத் தெரியும். ஏழாவது நடுவில் ஒரு பெண் பிள்ளை திடீரென்று வராது. லீவ் லெட்டரில் "ஃபேமிலி ஃபங்ஷன்" என்று இருக்கும். அதே வாரம் அவள் தெருவில் அவள் போட்டோவோடு மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸ் கட்டியிருப்பார்கள். வேனில் வரும் அத்தனை பையன்களும் அதைப் பார்த்திருப்பார்கள். திரும்பி வருகிற நாளன்று அந்தப் பிள்ளை எங்கே உட்கார்வது, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கும். போன வாரம் வரை ரிங் பால் ஆடிக்கொண்டிருந்தவள் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். யாரும் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுந்து வா என்று கூப்பிடவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

பையன்களுக்கு வேறு சிக்கல். செய்யுளைச் சத்தமாகப் படி என்றால் முதல் வரி ஒரு குரலில் வரும், இரண்டாம் வரி இன்னொரு குரலில் வரும். வகுப்பு சிரிக்கும். அடுத்த முறை அவன் புத்தகம் கொண்டுவரவில்லை என்பான். திட்டு வாங்குவது சிரிப்பு வாங்குவதைவிட மேல் என்று அவனுக்குத் தெரியும். நான் எட்டாவதில் தனியாகப் படிக்கச் சொல்வதையே நிறுத்தி, வரிசை வரிசையாகச் சேர்ந்து படிக்க வைத்தேன்.

பெரும்பாலான பள்ளிகள் இந்த வயதுக்குச் செய்கிற ஏற்பாடு ஒன்றே ஒன்று: பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பேசினால் பேரன்ட்ஸைக் கூட்டிக்கொண்டு வா. நான்காவதில் ஒரே டிபனைப் பங்கிட்டுத் தின்ற பிள்ளைகள் அவர்கள்.

ஆல் பாஸ் என்ற வசதியை என்ன செய்தோம்

கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது வரை ஃபெயில் போடக்கூடாது என்றிருந்தது. 2019இல் மத்திய அரசு அதைத் திருத்தி, மாநிலங்கள் விரும்பினால் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்கலாம் என்றது. இங்கும் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். அந்த இடைவெளியில் எட்டாவது பிள்ளைகளின் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்கு ரத்தின் அருமை தெரியும்.

2012-13இல் எட்டாவது வரை முப்பருவ முறை வந்தது. புத்தகம் மூன்றாகப் பிரிந்து பை எடை குறைந்தது. 40 மார்க் வளரறி மதிப்பீடு, 60 மார்க் தொகுத்தறி மதிப்பீடு. அந்த 40 மார்க் செயல்பாட்டுக்கு. பிள்ளை தானே செய்ய வேண்டும், பேச வேண்டும், பார்க்க வேண்டும். யோசனை அருமை. நடைமுறையில் என்ன ஆயிற்று? முந்தின நாள் ராத்திரி அப்பா சார்ட் பேப்பர் வாங்கி வருவார், அம்மா எழுதுவார், பிரவுசிங் சென்டரில் கலர் பிரின்ட் எடுத்து ஒட்டுவார்கள். பிள்ளை தூங்கிப்போயிருக்கும். எல்லாருக்கும் 38, 39. ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் அடுக்கியிருந்த சார்ட்டுகளில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கையெழுத்துகூட இல்லை.

இப்போது புது வரவு "ஃபவுண்டேஷன்". ஆறாவதிலிருந்தே நீட், ஜேஇஇ அடித்தளம் என்று தனி ஃபீஸ், தனிப் புத்தகம், விளையாட்டு பீரியடில் வகுப்பு. ஒன்பதாவதிலேயே பத்தாவது பாடத்தைத் தொடங்கிய பழக்கம் எங்கள் காலத்திலேயே உண்டு. இப்போது படியிறங்கி ஆறாவது வரை வந்துவிட்டது. பிள்ளைக்குத் தேர்வு பயமில்லாமல் கிடைத்த மூன்று வருஷத்தையும் அடமானம் வைத்துப் பன்னிரண்டாவதுக்குக் கடன் வாங்குகிறோம்.

ஆசிரியர் தினத்தில் சொல்லாத கதை

செப்டம்பர் 5 வந்தால் எங்கள் ஊரில் மற்ற ஊர்களைவிடச் சத்தம் அதிகம். ராதாகிருஷ்ணன் பிறந்த மண் அல்லவா. எல்லாப் பள்ளியிலும் அதே பேச்சு: 1888இல் திருத்தணியில் பிறந்தார், 1921இல் மைசூரிலிருந்து கல்கத்தா போகும்போது மாணவர்கள் பூ அலங்கார வண்டியைத் தாங்களே இழுத்தார்கள், 1962இல் குடியரசுத் தலைவரானார், ஆசிரியர் தினம் தொடங்கியது. பிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகள் புடவை கட்டிக்கொண்டு வந்து ஆறாவதுக்குப் பாடம் எடுப்பார்கள்.

அந்த ராதாகிருஷ்ணன் சின்னப் பையனாக எந்தப் பள்ளியில் படித்தார் என்று யாரும் பேசுவதில்லை. எட்டு வயது வரை திருத்தணி. 1896இல் திருப்பதியில் லூதரன் மிஷன் பள்ளி. 1900இல் வேலூர் ஊரிஸ் கல்லூரி. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. இன்றைய கணக்கில் ஆறாவது, ஏழாவது படிக்கிற வயசில் அவர் வீட்டை விட்டு, வேறு மதத்தார் நடத்திய தனியார் பள்ளியில் இருந்தார். தான் படித்த மிஷன் கல்வி நிலையங்களில் இந்து மதத்தைப் பற்றி மிஷனரிகள் வைத்த விமர்சனங்கள் தன் நம்பிக்கையைக் கலக்கின என்றும், அந்தச் சவால்தான் தன்னை இந்து தத்துவத்தைப் படிக்கத் தள்ளியது என்றும் 1937இல் வந்த தன்வரலாற்றுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். 1908இல் அவர் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதிய ஆய்வே வேதாந்தத்தின் அறநெறி பற்றியதுதான்.

மிஷன் பள்ளிதான் உயர்ந்தது என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த விமர்சனம் ஒரு பிள்ளையை நொறுக்கியும் போட்டிருக்கலாம். அந்த வயதில் கேட்ட ஒன்று ஒருவருக்குள் எவ்வளவு காலம் வேலை செய்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டார்கள். காவடி எடுத்தால் மார்க் வருமா, மலைக்கோயிலின் 365 படியும் ஏறினால் லீப் வருஷத்துக்கு என்ன செய்வது, சாமிக்கு எதற்கு உண்டியல். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே மஞ்சளாக மாறி, சரவணப் பொய்கையில் கால் வைக்க இடமில்லாமல் இருக்கும் நாட்களுக்குப் பிறகு பள்ளி திறந்தால் இந்தக் கேள்விகள் வரும். "சாமி குத்தம்டா, வாயை மூடு" என்று சொல்லலாம். உட்கார்ந்து பேசவும் செய்யலாம். எது நடக்கும் என்பது அந்த பீரியடில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அங்கேதான் விஷயம் இருக்கிறது

தனியார் பள்ளி ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்களுக்கு இது ரகசியமே இல்லை. அனுபவமுள்ளவர்கள் பத்து, பன்னிரண்டாவதுக்கு. பிள்ளைகளைக் கொஞ்சத் தெரிந்தவர்கள் எல்கேஜி, யுகேஜிக்கு. புதிதாகச் சேர்கிறவர், பி.எட். ரிசல்ட் வராதவர், கல்யாணம் ஆகும் வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர் எல்லாம் ஆறு, ஏழு, எட்டுக்கு. வருஷ நடுவில் ஒருவர் போவார், பதினைந்து நாள் பீரியட் காலியாக ஓடும், இன்னொருவர் வருவார். நான் நடத்திய ஒரு ஏழாவது, ஒரே வருஷத்தில் மூன்று அறிவியல் மிஸ்ஸைப் பார்த்தது. புது மிஸ்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அப்படித்தான் வந்தேன். சம்பளம் உயர வேண்டுமென்றால் பெரிய வகுப்புக்குப் போக வேண்டும் என்ற நிலையில், நல்ல டீச்சர் எப்படி ஏழாவதில் தங்குவார்?

சட்டம் இவ்வளவு அலட்சியமாக இல்லை. ஆறு முதல் எட்டு வரை தனி நிலையாகத்தான் வைத்திருக்கிறது. ஒன்று முதல் ஐந்துக்கு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் முதல் தாள், ஆறு முதல் எட்டுக்கு இரண்டாம் தாள். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர், வருஷத்துக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. பிள்ளைகள் 100க்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநரும் வேண்டும்.

நன்றாக நடந்ததையும் சொல்கிறேன், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. சமூக அறிவியல் சார் ஒருவர், பெரிய வகுப்புக்கு வரச் சொல்லியும் போகாமல் ஆறாவதிலேயே இருந்தவர். மற்ற பிரிவுகள் சென்னைப் பக்கம் தண்ணீர்ச் சறுக்கலுக்கு டூர் போனபோது, இவர் தன் வகுப்பைப் பூண்டிக்குக் கூட்டிப் போனார். நீர்த்தேக்கத்துப் பக்கத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அத்திரம்பாக்கம் வட்டாரத்தில் கிடைத்த கற்கோடாரிகளைப் பிள்ளைகள் பார்த்தார்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கொற்றலை ஆற்றங்கரையில் கண்டுபிடித்த இடம். அங்கே கிடைத்த கருவிகளில் பழையவை 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று 2011இல் ஆய்வு வெளியானது. நம் மாவட்டத்திலேயே, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில். ஆதி மனிதன் பாடம் ஆப்பிரிக்காவில் நடந்த கதை என்று நினைத்திருந்த பிள்ளைகள், மறுநாள் ஆளுக்கொரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து ஸ்டாஃப் ரூம் மேஜையில் வைத்து, "இது கோடாரியா பாருங்க சார்" என்று நின்றார்கள். ஒன்றுகூட கோடாரி இல்லை. அந்த வருஷம் அந்த வகுப்பில் சமூக அறிவியலுக்கு யாரும் டியூஷன் போகவில்லை. ஒரு தனியார் பள்ளி நினைத்தால் இதைச் செய்ய முடியும். மேலே கேட்டு அனுமதி வர மாதக்கணக்காகாது. கரஸ்பான்டென்ட் சரி என்றால் வேன் கிளம்பிவிடும். அந்தச் சுதந்திரத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்

அட்மிஷனுக்கு முன், மார்ச்சிலேயே, ஒரு சாதாரண வேலை நாளில் பள்ளிக்குப் போங்கள். ரிசல்ட் பற்றிக் கேட்க வேண்டாம், அதை அவர்களே சொல்வார்கள். கேட்க வேண்டியவை இவை. ஏழாவதுக்குக் கணக்கும் அறிவியலும் யார் எடுக்கிறார், இந்தப் பள்ளியில் எத்தனை வருஷமாக இருக்கிறார்? போன வருஷம் ஆறாவதில் நடுவில் எத்தனை பேர் மாறினார்கள்? கிளாஸ் மிஸ்ஸுக்குத் தன் வகுப்போடு பாடம் இல்லாமல் உட்காரத் தனி நேரம் உண்டா? பி.டி. பீரியட் வாரத்துக்கு எத்தனை, அதில் வேறு பாடம் நடக்கிறதா? தமிழில் பேசினால் என்ன செய்கிறீர்கள்? பெண் பிள்ளைகளுக்கு டாய்லெட் எங்கே என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட வாளி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி பெல் அடிக்கும் வரை காத்திருந்து எட்டாவது பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள் என்றும் பாருங்கள். அந்த வயசுப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் நல்ல பள்ளி.

இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் வந்தால், ஃபீஸ் கட்ட உங்களால் முடிந்தால், பிள்ளையை மாற்றாதீர்கள். மழுப்பினால், "அதெல்லாம் நைன்த் வரட்டும் பார்த்துக்கலாம்" என்றால், தயங்காமல் அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள். அங்கே தேர்வெழுதி வந்த ஆசிரியர் வருஷ நடுவில் வேலையை விட்டுப் போக மாட்டார். 7.5 சதவீதமும் மாதம் 1,000 ரூபாயும் அதற்கு மேல் கிடைப்பவை. அதே கேள்விகளை அங்கேயும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். காலிப் பணியிடம் எத்தனை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிள்ளை ஏற்கெனவே ஏழாவதில் இருந்தால், பள்ளியை மாற்ற முடியாதென்றால், ஒன்று செய்யலாம். அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஏழு ஆசிரியர்களில் யாராவது ஒருவரிடம் மார்க் ஷீட்டை மூடிவைத்துவிட்டு, "என் பிள்ளை கிளாஸ்ல யாரோட பேசுது மிஸ்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும். அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், எட்டாவது முடியும் வரை அவரோடு தொடர்பில் இருங்கள். ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் அதைப் பிரின்சிபாலிடம் போய்ச் சொல்லுங்கள். ஃபீஸ் அதிகம் என்று புகார் சொல்ல வருகிற பெற்றோரை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். என் பிள்ளையை இங்கே யாருக்கும் தெரியவில்லை என்று சொல்ல வருகிறவர் அபூர்வம். நாலு பேர் சொன்னால், அடுத்த ஜூனில் ஏழாவதுக்கு டைம் டேபிள் போடும்போது யாரை அங்கே அனுப்பலாம் என்று யோசிப்பார்கள். நான் பார்த்த வரையில், பள்ளி நிர்வாகம் பெற்றோர் கேட்பதைத்தான் கவனிக்கும்.